எண்ணெய் பட்டதும் தெரிந்தது

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், எங்கள் வயதுக்கு அதுவே பெரிய சுகம்தான், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கு நடுவில் கொஞ்சம் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அங்கே குளிர் எப்படி என்று சொல்கிறாய், நான் இங்கே வெயில் எப்படி என்று சொல்கிறேன், அத்தை பின்னாலிருந்து சாப்பிட்டாளான்னு கேளுடா என்று கத்துகிறாள், மூன்று நிமிஷம் ஓடிப்போகிறது. இதில் எழுதப்போவதைப் போனில் சொன்னால் பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் பாதியில் நான் பேச்சை மாற்றிவிடுவேன், எனக்கு அது கைவந்த கலை. அதனால்தான் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எங்கேயாவது கோணியிருந்தால் அந்த இடத்தில் யாரோ பிரஷ் கேட்டு வந்தார்கள் என்று வைத்துக்கொள்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள், குரல் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாடி ஏறி வருகிறது. மருந்து போட்டாயா அக்கா என்று கேட்டால் நீ என் தம்பியா கம்பவுண்டரா என்று கேட்கிறாள். கடையில் கலர் கலக்கும் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். நேற்று ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து வெள்ளையிலேயே பதினேழு வெள்ளையைப் பார்த்தார்கள், அவளுக்குப் பிடித்தது அவனுக்குப் பழுப்பாகத் தெரிந்தது, அவனுக்குப் பிடித்தது அவளுக்கு ஆஸ்பத்திரியாகத் தெரிந்தது, கடைசியில் சுவர் இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும் என்று ராசியாகிக் கைகோத்துக்கொண்டு போய்விட்டார்கள், வியாபாரம் போனது எனக்குத்தான். பின்கட்டுக் குழாய் ஒழுகியது, பிளம்பர் வந்து பார்த்து வாஷர் மாற்றினான், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. சேதி அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன், சரக்கை மேசையில் வைத்துவிட்டுப் பேசுகிறவன் நான், இந்த ஒரு விஷயத்தில்தான் ஒரு வருஷமாகச் சரக்கை மேசைக்கடியில் வைத்திருந்தேன்.

உன் கிடாரைப் பற்றி நீ இந்த ஒரு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அம்மா இருபத்தெட்டு வருஷம் பல் கட்டும் லேபில் ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்துவிட்டு, ரிட்டையர் ஆன மறு வாரமே பின் அறையில் மேசையைப் போட்டு, மகளுக்குக் கிடார் செய்யப்போகிறேன் என்று அறிவித்தபோது நான் சிரித்தேன், அது உனக்கும் தெரியும். பல்லு செஞ்சவளுக்குக் கிடார் வருமா என்று கேட்டேன். இதிலேயாவது யாரும் வாயைத் திறந்துக்கிட்டு வலிக்குது வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க என்றாள். பழைய மஹாகனி அலமாரியின் கதவைப் பிரித்து முதுகும் பக்கமும் எடுத்தாள், முன் பலகைக்கு வெளிர் மரம் பார்சலில் வரவழைத்தாள், பதினாலு மாசம் இழைத்தாள், வளைத்தாள், ஒட்டினாள். கழுத்தை உடம்போடு ஒட்டுவது வரைக்கும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது எண்ணெய் ஏற்றிப் பளபளப்பு கொண்டுவருவது மட்டும்தான். அம்மா போன பிறகு நீ வந்து ஐந்து நாள் இருந்தபோதும் அந்த அறைக் கதவு பூட்டியே கிடந்தது, நீயும் சாவி கேட்கவில்லை. நீ போன பிறகும் பூட்டியே கிடந்தது. போன மாசம் கடைக்குச் சரக்கு எடுக்க வந்த பாலிஷ்காரர், உனக்குத் தெரியுமே, எப்போதும் ஒரு காதில் பென்சிலும் இன்னொரு காதில் பீடியும் வைத்திருப்பாரே, அவர்தான் பேச்சுவாக்கில் அம்மாவோட கிடார் என்னாச்சு என்று கேட்டார். அப்படியே மாட்டியிருக்கு என்றேன். அண்ணே வெறும் மரத்தை மழைக்காலத்துல அப்படியே விட்டா காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிச்சுட்டு ஒட்டின இடம் வாயைப் பிளந்துக்கும், எண்ணெய் விக்கிற நீங்களே இப்படி வச்சிருந்தா எப்படி என்று கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் பூட்டைத் திறந்தேன்.

கழுத்தை ஒட்டும்போது போட்ட கிளாம்பு அப்படியே இறுக்கின இறுக்கில் இருந்தது. ஒரு நாள் இருக்க வேண்டிய கிளாம்பு ஒரு வருஷம் இருந்திருக்கிறது. அதைக் கழற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது. துரு ஒன்றும் இல்லை, திருகு லேசாகத்தான் இருந்தது, நான்தான் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன். மேசை இழுப்பறையில் அம்மாவின் நோட்டு இருந்தது, அதில் கடைசிப் பக்கத்தில் அவள் கோழிக் கிறுக்கலில், முதுகு கண்ணாடி மாதிரி வரணும், குட்டி கேட்டது, என்று எழுதியிருந்தாள். நீ எப்போது கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. அப்படியானால் கண்ணாடி மாதிரியே வரட்டும் என்று இறங்கிவிட்டேன்.

முப்பது வருஷமாக எண்ணெயும் வார்னிஷும் விற்கிறேன், ஒரு நாற்காலிக்குக்கூட நான் பூசியதில்லை என்பது உனக்குத் தெரியும். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாடிக்கையாளருக்கு ஒப்பிப்பேன், அவ்வளவுதான் என் வித்தை. பாலிஷ்காரர் கணக்கு சொல்லிக் கொடுத்தார், லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு, வார்னிஷ் ஒரு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. முதல் கை தாராளமாக ஊற்றித் தேய்த்து, மரம் குடிக்கிற வரைக்கும் குடிக்கவிட்டு, கால் மணி நேரத்தில் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். மறுநாள் இரண்டாம் கைக்கு எண்ணெயை விட்டு, அந்த ஈரத்திலேயே நானூறாம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், அப்போது வருகிற மரத்தூளும் எண்ணெயும் குழைந்து சேறு மாதிரி ஆகும், மஹாகனிக்கு உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை, அந்தச் சேறு போய் ஓட்டையை எல்லாம் அடைக்கும், அடைத்தால்தான் கண்ணாடி வரும், அடைக்காமல் எத்தனை கை பூசினாலும் அம்மைத் தழும்பு முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கும் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு கை, மெல்லிசாக, எட்டோ ஒன்பதோ. அத்தை வாசற்படியில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தாள். பெண்டாட்டி இருந்த வரைக்கும் இவன் ஒரு ஆணி அடிச்சது இல்லை, இப்ப பாரு மரத்துக்கு மாலிஷ் பண்றான் என்றாள்.

இங்கே ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதே. முதல் கை பூசுகிற அன்றைக்குக் காலையில் நான் வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தேன், துணி நூல் விடுகிறது, கண்ணாடியை எங்கே வைத்தேன், இப்படி. அறையில் நான் மட்டும்தான். நான் ஒன்று சொல்ல, பின்னாலேயே ம் என்று கேட்டது. உன் அம்மா நான் என்ன சொன்னாலும், வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும், தன் வேலையைப் பார்த்துக்கொண்டே ம் என்பாளே, அந்த ம். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. ரேடியோ இல்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. மறுபடியும் பேசிப் பார்த்தேன், சில வார்த்தைக்கு வந்தது, சில வார்த்தைக்கு வரவில்லை. பாலிஷ்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கிடார் உள்ளே காலி அண்ணே, தந்தி இல்லாட்டியும் உங்க குரல் அதோட வயித்துக்குச் சரியா விழுந்தா திருப்பிச் சொல்லும், பானைக்குள்ள பேசின மாதிரி என்றார். சரி, காரணம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்த பிறகும் நான் அந்த அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன், ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முதல் கை எண்ணெய் பட்டதும் மரம் ரத்தம் ஊறின மாதிரி சிவந்தது. அழகுதான். ஆனால் முதுகில் கீழ்ப்பக்கம் நாலைந்து இடத்தில் எண்ணெய் பிடிக்கவே இல்லை, வெளிறி, கோடு கோடாக நின்றது. வெறும் மரமாக ஒரு வருஷம் தொங்கியபோது அங்கே ஒன்றுமே தெரியவில்லை, எண்ணெய் பட்டதும்தான் தெரிந்தது. பசை சிந்திய இடத்தில் மரம் எண்ணெய் குடிக்காது என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிப் புகார் சொல்லிக் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர். சரக்கில் குறை, தேய்த்து எடுத்தால் போச்சு, அவ்வளவுதான் என் புத்திக்குத் தோன்றியது. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னால் இரண்டாம் கை எண்ணெயை விட்டு, உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அழுத்தித் தேய்த்தேன். கிடாரின் தலை என் பக்கம் இருந்தது, அதனால் எல்லாம் எனக்குத் தலைகீழ். சேறு வேறு மூடிக்கொண்டிருந்தது. ஒரு கோடு போயிற்று, பக்கத்துக் கோடு போயிற்று, மூன்றாவதும் போயிற்று, நல்லா வருது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். நாலாவதைத் தேய்க்கலாம் என்று சேற்றைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்காக மேசைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தேன். நாலாவது கோடு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. மேலே முனை இல்லை.

உன் அம்மாவின் வலது ஆள்காட்டி விரலின் மேல்பாதியை லேபில் கிரைண்டர் தின்றது உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது. அந்த விரல்தான் அது. அதற்குக் கீழே கட்டைவிரல், அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை பாதி. அகல விரித்து ஊன்றின கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் இருந்த இடத்தைத்தான் நான் அரை மணி நேரமாக உட்கார்ந்து தேய்த்திருக்கிறேன்.

அந்தக் கை எந்த நாளில் அங்கே ஊன்றியது என்று யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. அவள் விழுந்த அன்றைக்குத்தான். கழுத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் பசை. ஏங்க என்று கூப்பிட்டாள், குரல் ஒரு மாதிரி இருந்தது. போனேன். இடது கையில் கிளாம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கிடார் முதுகில் ஊன்றிச் சாய்ந்து நின்றாள், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கிளாம்பை இறுக்குங்க, பசை காயுது என்றாள். நான் இறுக்கினேன். மகளே, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியிலும் சொன்னதில்லை, முதலில் கிளாம்பை இறுக்கினேன், அப்புறம்தான் அவளைப் பிடித்தேன். திருகு எத்தனை சுற்று சுற்றினேன் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவள் சொன்னதை எப்போதும் நான் உடனே செய்ததில்லை, அன்றைக்குப் போய் உடனே செய்தேன். ஒரு நிமிஷம்தான் இருக்கும், அந்த ஒரு நிமிஷத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் ஒருவரிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் கிளாம்பைக் கழற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இப்போது அந்தக் காலையில் நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேள். சேறு துடைத்த துணி என் கையில் இருந்தது. அதில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும், மூன்று விரல். குப்பையில் போட மனசு வரவில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது, வாசலில் ஆள் கூப்பிடுகிறார்கள். துணியை நன்றாகச் சுருட்டி, பேப்பரில் பொதிந்து, அம்மாவின் இழுப்பறையில் அவள் பிரஷ்களுக்கும் நோட்டுக்கும் பக்கத்தில் வைத்து மூடிவிட்டு வந்துவிட்டேன். லின்சீட் எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் உள்சூடு வெளியேற வழியில்லாமல் தானாகச் சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும், விரித்துக் காயப்போடு இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கிப் போடு என்று டப்பா வாங்குகிற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறவன் நான். வைக்கோல் போரையே கொளுத்திடும் என்று கண்ணை உருட்டிப் பயமுறுத்துகிறவன் நான். எனக்கு அன்றைக்கு அது எண்ணெய்த் துணி என்றே தோன்றவில்லை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அத்தை அந்த முழங்காலோடு கடை வாசல் வரைக்கும் வந்து, டேய் பின் ரூம்ல ஏதோ கருகுதுடா என்று கூவினாள். ஓடினேன். இழுப்பறையின் இடுக்கில் நூல் மாதிரி புகை. இழுத்தால் பேப்பர் பழுப்பாகி நடுவில் கருத்திருந்தது, துணியை எடுத்தேன், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இல்லை, அதைவிட, கையில் வைத்திருக்க முடியாத சூடு. வாளித் தண்ணீரில் போட்டேன், சீறியது. நோட்டின் ஓரம் கருகிவிட்டது, எழுத்து தப்பித்தது. இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் அறையும் போயிருக்கும், கிடாரும் போயிருக்கும், பக்கத்தில் கடையில் இருக்கிற டர்பன்டைன் டின்னுக்கெல்லாம் நெருப்பு வந்திருந்தால் தெருவே போயிருக்கும்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம், ஊருக்கெல்லாம் சொல்றியேடா, உனக்கு யாரு சொல்றது என்றாள். அதோடு விடுவாள் என்று பார்த்தேன். விடவில்லை. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுடா, எனக்கும் வயசாச்சு, நானும் போயிட்டா அப்புறம் இதைத் தெரிஞ்சவ ஒருத்தியும் இருக்க மாட்டா, நீ நிம்மதியாப் பொய் சொல்லிக்கிட்டுத் திரிவ என்றாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

அம்மா விழுந்ததிலிருந்து போனது வரைக்கும் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் உன்னிடம் நான் சொன்னது, தலைச்சுற்றல், படுத்திருக்கிறாள், தூங்குகிறாள், பிறகு பேசச் சொல்கிறேன். நீ எல்லாம் முடிந்து நாலாம் நாள் வந்து கூடத்தில் நின்று, ஏம்ப்பா எனக்குச் சொல்லல என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள், கிடாரை முடித்துவிட்டுத்தான் உன் முன்னால் வருவேன் என்றாள் என்று சொன்னேன். அவளுக்கு நான் வேண்டாமா என்கிற மாதிரி உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன், பார்த்தும் வாயை மூடிக்கொண்டேன். மகளே, அது பொய். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நாக்கு குழறிப்போயிருந்தது, போனைப் பிடிக்கக் கை வரவில்லை, அவள் பேசுவது எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் புரியும். அவள் பேசினதில் பாதி உன்னைப் பற்றித்தான். இரண்டாம் நாளே கேட்டாள், குட்டிக்குச் சொன்னீங்களா என்று. சொல்லிட்டேன் என்றேன். வரச் சொல்லுங்க என்றாள். சொல்லிட்டேன், வேலையை முடிச்சுட்டு வர்றாளாம் என்றேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டாள், தினமும் நான் அதையே சொன்னேன். உன்னிடம் ஒரு பொய், அவளிடம் ஒரு பொய், நடுவில் நான். கதவுச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவாள். பால்காரன் வந்தாலும் திருப்புவாள்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் வேலை பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. அது கைக்கு வராமல் நீ அந்த ஊரை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று நீயேதான் ஒரு மாசம் முன்னால் சொல்லியிருந்தாய். ஆறு வருஷம் நீ பட்ட பாடு போய்விடும். டாக்டர் பிழைப்பதற்கும் போவதற்கும் சரிசமம் என்றார். சொன்னால் நீ எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவன் நான். இன்னும் பத்து நாளில் பெர்மிட் வந்துவிடும், அதுவரைக்கும் இவள் தாங்குவாள், நீ நிதானமாக வந்து பார்க்கலாம், உனக்கும் நஷ்டம் இல்லை என்று வியாபாரி புத்தியில் கணக்குப் போட்டேன். பத்து நாள் பதினைந்து ஆயிற்று, பதினைந்து முப்பது ஆயிற்று, ஒவ்வொரு நாளும் இத்தனை நாள் சொல்லாமல் இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. உன் பெர்மிட் அவள் போன மூன்றாம் நாள் வந்தது. உன் வாழ்க்கையையும் அவள் சாவையும் பற்றி முடிவு எடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேரும், இரண்டு பேரையும் கேட்காமல் நான் எடுத்தேன். இதற்கு மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டால் நீ தர வேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் உன் தலையில் ஏற்ற விருப்பம் இல்லை. திட்டு, பேசாமல் இரு, உன் இஷ்டம்.

துணி பற்றிக்கொண்ட அன்றைக்குச் சாயங்காலம் பின் அறைக்குப் போய் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், உனக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை நாக்கு பழகட்டும் என்று. கிடார் ஒரு ம் கூடச் சொல்லவில்லை. குரல் கம்மியிருந்தது, அதனால் சரியாக விழுந்திருக்காது, பாலிஷ்காரர் கணக்குப்படி அப்படித்தான். எனக்கு அந்தக் கணக்கு அன்றைக்குப் போதவில்லை.

அதன் பிறகு பாலிஷ்காரரை வீட்டுக்கே அழைத்துவந்து காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார், காதிலிருந்த பீடியை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார். இதை ஏன் அண்ணே தேய்ச்சீங்க, தேய்க்கவே வேணாமே, பசை இருந்த இடம் நிறம்தான் வெளிறி நிக்கும், பளபளப்பு அதுக்கு மேலயும் ஏறும், நாலு கை போனா தடவிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்றார். ஆக நான் செய்தது தேவையே இல்லாத வேலை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, விடுங்க, தேய்ச்ச தூளு எங்க போச்சு, துணியில கொஞ்சம், மீதி எல்லாம் இந்த முதுகு முழுக்க ஓட்டையில போய் உட்கார்ந்துடுச்சு, அது இல்லாம கண்ணாடி வராது என்றார். அதற்கு மேல் நான் உப்புத்தாளை அந்தக் கைப்பக்கம் கொண்டுபோகவில்லை. ஒன்பது கை ஏற்றினேன், ஒரு நாளைக்கு ஒன்று, துணியில் நாலு சொட்டுக்கு மேல் விடாமல், ஒவ்வொரு துணியையும் விரித்துக் கொடியில் காயப்போட்டு. பிறகு மூன்று வாரம் அப்படியே இறுகவிட்டேன். கடைசியில் அம்மா லேபிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பியூமிஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து, பல் செட்டுக்குக் கடைசி மெருகு கொடுப்பாளே, அதே மாதிரி கம்பளித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பளபளப்பு பூசுறதுல வராது, தேய்க்கிறதுல வரும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். வந்துவிட்டது. ஜன்னல் கம்பி அதில் நேர்க்கோடாகத் தெரிகிறது. அத்தை அதில் முகம் பார்த்துவிட்டு, எனக்கு இத்தனை சுருக்கமா, எண்ணெய் சரியில்லை என்றாள்.

அந்த ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும் பளபளப்புக்கு அடியில் அப்படியே இருக்கின்றன, சிவப்பு மரத்தில் வெளிறிப்போய். தடவினால் ஒன்றும் தெரியாது, பார்த்தால் தெரியும். நீ அதை வாசித்தால் அந்த இடம் உன் வயிற்றில் பட்டுக்கொண்டிருக்கும், எதிரில் இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. வேண்டாம், முழுசாக எடுத்துவிடு என்று நீ சொன்னாலும் எடுக்கலாம், பாலிஷ்காரர் செய்வார், நான் செய்ய மாட்டேன். குறை இருக்கிற சரக்கு, குறையைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். பெட்டியில் கட்டி அனுப்பு என்றால் அனுப்புகிறேன், அப்பா முகத்தைப் பார்க்க முடியாது என்றால் அது நியாயம்தான், ஏன் என்று கேட்க மாட்டேன். உனக்கு வரத் தோன்றினால் பின் அறையைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன். ஆறு தந்தியும் வாங்கி வைத்திருக்கிறேன், கட்டவில்லை, எனக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது.

உடம்பு நோவு இல்லாமல், மனசு கெட்டுப்போகாமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் அத்தையும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயசிலிருந்தே காதுதான் முதலில் போகும். பெர்மிட் தேதியை இந்தத் தடவை ஆறு மாசம் முன்னாலேயே பார்த்துக்கொள். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. உன்னிடம் சொல்லச் சொல்லி என்னிடம் முப்பத்து மூன்று நாள் தினமும் சொன்னது, ஒரு வருஷம் என்னிடமே தங்கிவிட்டது, அதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா உன்னை வரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா